பூசாத சுவருக்கு எதிரே

ஜூலை 28, திங்கள்

ஜன்னல் வேலை இன்றோடு முடிந்தது. படுக்கையறை வடக்குச் சுவரில் மூன்று ஜன்னல்கள். வெள்ளைச் சட்டம், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கண்ணாடி, உள்ளே கொசுவலை. பொருத்த வந்தவர் கிளம்பும்போது பத்து நிமிடம் பாடம் நடத்தினார். கண்ணாடியில் சிமெண்ட் படக் கூடாதாம். பட்டுவிட்டால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட வேண்டுமாம். காய்ந்துபோனதைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாதாம். "உங்க வீட்ல பூச்சு எல்லாம் முடிஞ்சிருச்சு. இருந்தாலும் சொல்லணும்ல" என்றார்.

இவர் கட்டிலில் உட்கார்ந்து மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மார்ச்சில் பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டது இந்த ஒன்றைத்தான். "ஒன்பது வருசமா பொட்டிக்குள்ள படுத்த மாதிரி படுத்துட்டேன் வேதா. ஒரு ஜன்னல் வச்சுக் குடு." ஒன்று கேட்டார். மூன்று வைத்தேன்.

முன்பு அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. அதைச் செங்கல் வைத்து அடைத்தது நான்தான். அந்தக் கதை இப்போது எதற்கு.

திறந்தால் தெரிவது மூன்றடிச் சந்து. அது எங்களுடையது. சந்துக்கு அந்தப் பக்கம், எல்லைக்கோட்டின் மேலேயே ஜெசிந்தா வீட்டுச் சுவர். பதினான்கடி உயரத்துக்குப் பூசாத செங்கல், பாசி பிடித்துக் கறுத்துப்போய் நிற்கிறது. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் காற்று வருகிறது.

ஜூலை 31

காலையில் ஒருவர் கேட்டைத் தட்டினார். தோளில் துண்டு, கையில் அளவு டேப். பெயர் சவரிமுத்து, கொத்தனார்.

"பக்கத்து வீட்டம்மா கேக்கச் சொன்னாக. அந்த வெளிச்சுவரைப் பூசணும். சாரம் கட்டணும்னா உங்க சந்துலதாம்மா கட்ட முடியும்."

"அவங்க வந்து கேக்க மாட்டாங்களா?"

"நீங்க கதவைத் தெறக்க மாட்டீங்கன்னு சொன்னாக."

திறந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பாத்தீங்களாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, இருபத்திரண்டு வருடம். திண்டுக்கல்லின் பாதிக் கல்யாணச் சேதியும் பாதிச் சாவுச் சேதியும் எங்கள் இருவர் காது வழியாகத்தான் போயிற்று. இந்த இரண்டு மனைகளையும் ஒரே நாளில் பத்திரம் பதிந்து வாங்கினோம், பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. ஆமாம் என்று மட்டும்தான் சொன்னேன்.

"எதுக்கு இப்ப திடீர்னு பூச்சு?"

"மக பிரசவத்துக்கு வருதாம்மா. அக்டோபர்ல. அந்த ரூம்லதான் தாயும் பிள்ளையும் படுக்கணும். மழைக்கு முந்திப் பூசிரணும்னு சொல்றாக. உள்ள சுவர் பூரா ஈரம்."

பெனிட்டாவுக்குப் பிரசவம். அதை ஒரு கொத்தனார் வந்து சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன்.

இவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உள்ளே கட்டிலில் இருந்தபடியே, "என்கிட்ட கேக்க என்ன இருக்கு? கட்டிக்கச் சொல்லு" என்றார். புது ஜன்னல் திறந்திருந்ததால் கேட் வரைக்கும் கேட்டுவிட்டது.

ஆகஸ்ட் 1

கொத்தனாரிடம் சம்மதம் சொன்னேன். ஆனால் என் ஜன்னலில் ஒரு பொட்டுக் கலவை படக் கூடாது. காலையில் வேலை தொடங்குமுன் மூன்று ஜன்னலையும் நானே மூடுவேன், சாயங்காலம் நானே பிரிப்பேன். சாரக்கம்பு என் சுவரில் முட்டக் கூடாது. வேலையாட்கள் தவிர அந்த வீட்டு ஆள் யாரும் என் சந்துக்குள் கால் வைக்கக் கூடாது.

"அந்த வீட்ல அவங்க ஒரு ஆளுதானம்மா இருக்காக" என்றார்.

"யாரா இருந்தாலும்."

ஆகஸ்ட் 4, திங்கள்

சாரம் கட்டியாயிற்று. சவுக்குக் கம்பு, குறுக்கே பலகை. சந்தில் ஆள் நடக்க இடமில்லை.

விடிந்ததும் மூடும் வேலை. முதலில் கொசுவலைகளைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். கீழ்ச் சட்டத்தில் மழைத்தண்ணீர் வெளியே போகச் சின்னச் சின்ன துளைகள் உண்டு. மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு துளையின்மேலும் டேப். பிறகு கண்ணாடி முழுவதும் பாலிதீன் தாள், நான்கு பக்கமும் காகித டேப். அந்த டேப்பை வெயிலில் நாள்கணக்கில் விட்டால் பசை இறுகிக்கொள்ளும். அதனால்தான் தினமும் பிரித்து ஒட்டுவது. ஒரு ஜன்னலுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இவர் உள்ளே நின்று, "இடது மூலை தூக்கிட்டு நிக்குது" என்று மேற்பார்வை பார்த்தார்.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "தாள் மட்டும் பத்தாதும்மா, காத்து அடிக்கிற அடிக்குக் கிழிஞ்சிரும். முன்னாடி கனமா ஒண்ணு தொங்கவிடணும்" என்றார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரிய பழைய பிளக்ஸ் பேனரை மடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று ஜன்னலுக்கும் சேர்த்து நீளவாக்கில் சாரத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

உள்ளே வந்து பார்த்தால் பெனிட்டா. கல்யாணக் கோலத்தில். தலையில் வலைத்துணி, கையில் பூச்செண்டு, பக்கத்தில் மாப்பிள்ளை. நடு ஜன்னல் நிறைய அவள் முகம்.

படம் உள்பக்கம் பார்க்கிறதே என்று கொத்தனாரிடம் கேட்டேன். "அவங்கதாம்மா சொன்னாக, படம் உங்க பக்கம் வர்ற மாதிரி கட்டணும்னு."

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. இவர் போய்வந்தார். எனக்கு அன்று தலைவலி.

ஆகஸ்ட் 5

செங்கலில் பாசியைச் சுரண்டிக் கழுவினார்கள். பூச்சு நாளைக்கு. பெனிட்டா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், அந்தப் படத்தில். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

மேலிருந்து பூச்சைத் தொடங்கினார்கள். கொத்தனார் கரண்டியால் கலவையை வீசி அடிக்கும்போது சொத் சொத்தென்று சத்தம். நான் சந்து முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜெசிந்தா அவள் வீட்டு மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருக்கிறாள். முடி முழுவதும் வெளுத்துவிட்டது. சாயம் போடுவதை விட்டுவிட்டாள் போல.

மேலே செங்கலை நனைக்கத் தண்ணீர் ஊற்றினார்கள். அது வழிந்து பிளக்ஸில் தெறித்தது.

"கொத்தனாரே, தண்ணி ஊத்துறதுக்கு முந்தி ஒரு சத்தம் குடுக்கணும்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன்.

மேலிருந்து குரல் வந்தது. "கொத்தனாரே, சொன்னது காதுல விழுந்துச்சுன்னு சொல்லுங்க."

"கலவை ரொம்பத் தண்ணியா இருக்கு. அதான் தெறிக்குதுன்னு சொல்லுங்க."

"கெட்டியா போட்டா செங்கல்ல பிடிக்காதாம்னு சொல்லுங்க."

சவரிமுத்து சாரத்தின் நடுவில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தார். "ஏம்மா, நான் சுவத்தைப் பூசவா, இல்ல உங்க ரெண்டு பேருக்கும் லைன் போட்டுக் குடுக்கவா?"

சித்தாள் பெண்கள் சிரித்துவிட்டார்கள். உள்ளே இவர் சிரிக்கிற சத்தம், கூடவே "ஐயோ, நெஞ்சு" என்கிற சத்தம். நான் சிரிக்கவில்லை. மேலே என்ன ஆயிற்று என்று நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

ஆகஸ்ட் 8

பகலெல்லாம் அறை இருட்டாக இருக்கிறது. பாலிதீன் கட்டிய அறையில் காற்றே இல்லை. இவரை ஹாலில் படுக்கச் சொன்னேன். "வேணாம், இங்க கல்யாணப் பொண்ணு துணைக்கு இருக்கு" என்கிறார்.

சாயங்காலம் தாளைப் பிரிக்கும்போது எதிர்ச் சுவரின் மேல்பாதி சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஈரச் சிமெண்ட் வாசனை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, ரொம்ப நேரம். இதற்கு முன் இந்தப் பக்கம் ஜன்னல் இல்லாததால் கேட்டதில்லை.

கொத்தனார் கிளம்பும்போது, "ஒரு தடவை உள்ள வந்து அந்த ரூமைப் பாருங்கம்மா. சுவர் பூராம் உப்புப் பூத்துக் கெடக்கு" என்றார்.

எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று பூச்சு வேலை இல்லை. ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. இவர் தூங்குகிறார். எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் அருளப்பன் அந்த அறையை எழுப்பினார். இரண்டடி இடம் விட்டுக் கட்டச் சொன்னேன். எல்லைக்கோட்டிலேயே அஸ்திவாரம் எடுத்தார். எங்கள் ஜன்னல் இருண்டது. நான் அவர் வாசலில் நின்று சத்தம் போட்டேன். அப்போது அவர் சொன்னார்: "இந்த வீட்டை ஆளுறதுக்குப் பின்னாடி உங்களுக்குப் பிள்ளையா குட்டியா? யாருக்காக இந்த ரெண்டடிக்கு இம்புட்டுச் சண்டை?"

அருளப்பன் முன்கோபி. என்னவும் சொல்லக்கூடியவர். அது எனக்குத் தெரியும். ஜெசிந்தா அவருக்குப் பின்னாலேயே நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மறுவாரம் வெளிப்பூச்சுக்குச் சாரம் கட்ட வந்தார்கள். நான் கேட்டைப் பூட்டினேன். அதற்கடுத்த வாரம் என் ஜன்னலை அடைத்தேன். நான்கு வருடத்துக்கு முன் அருளப்பன் இறந்துபோனபோது தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

என் இடம். என் சந்து. பூட்டினது சட்டப்படி சரிதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இவருக்கு மாதப் பரிசோதனை. காலை ஏழரைக்கே ஜன்னல்களை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி நன்றாக இருக்கிறதாம். திரும்பும்போது காற்று ஆளைத் தூக்கியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையின் தகரம் பறந்து கிடந்தது. எனக்கு ஜன்னல் நினைவு.

ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே சந்துக்குப் போனேன். பிளக்ஸ் ஒரு பக்கம் அவிழ்ந்து சாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நடு ஜன்னலின் தாள் பாதி கிழிந்து பறந்தது. ஜெசிந்தா உள்ளே நின்றுகொண்டிருந்தாள். என் சந்துக்குள். கையில் மக்கு, காலடியில் வாளி, தோளில் பழைய புடவைத் துணி. ஒரு கையால் சாரக்கம்பைப் பிடித்தபடி, முட்டியை மடக்க முடியாமல் நின்று, கண்ணாடியில் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் சாப்பிடப் போயிருந்தாராம்.

"யாரு உன்னை உள்ள வரச் சொன்னது?"

ஒன்பது வருடத்தில் அவளிடம் நேராக நான் சொன்ன முதல் வார்த்தை அது.

அவள் திரும்பிப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு, சாரத்தைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே போனாள்.

அவள் கழுவியும் கீழ் மூலையில் பத்துப் பதினைந்து புள்ளி காய்ந்து ஒட்டியிருந்தது. பாத்திரம் விளக்கும் கம்பி நாரை எடுத்து வந்து அழுத்தித் தேய்த்தேன். எல்லாம் போய்விட்டது.

ஆகஸ்ட் 13

பதினொரு மணி வெயில் சந்துக்குள் இறங்கியபோது பார்த்தேன். நடுக் கண்ணாடியில் கீறல். வட்ட வட்டமாக, மயிரிழை மாதிரி நூறு கோடு. புது ஜன்னல், பொருத்தி முழுதாகப் பதினாறு நாள் ஆகவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஜெசிந்தா மாடிக்கு வந்தாள்.

"கொத்தனாரே, நான்தான் நேத்துத் தொடச்சேன். துணியில மண்ணு இருந்துருக்கும். கண்ணாடியை மாத்திக் குடுத்துர்றேன்னு சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி இருமினாள். "வேலையை மட்டும் நிறுத்த வேணாம்னு சொல்லுங்க."

நிறுத்தச் சொன்னேன்.

சவரிமுத்து கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டார். சுவரில் மேல்பாதி பூசியிருக்கிறது. கீழ்ப்பாதி செங்கல் அப்படியே நிற்கிறது.

இவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

ஆகஸ்ட் 14

கீறல் அந்தக் கீழ் மூலையில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 15

ஜன்னல் பொருத்தியவர் வந்தார். கண்ணாடி அளவெடுக்கப் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார்களாம். இன்னொரு நாள் வாருங்கள் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினேன். உள்ளே விட்டால் அவர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

நான் உள்ளே வந்ததும் இவர், "இப்படி வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நீ தேய்ச்சது எனக்கு இங்க கேட்டுச்சு வேதா. தோசைக்கல்லைத் தேய்க்கிற மாதிரி கேட்டுச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"தேய்ச்சு முடிச்சுட்ட. அப்புறம் சொல்லி என்ன? மறுநாள் நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

அவர் என் கையை எடுத்து அவர் மடியில் வைத்துக்கொண்டார். "மூணு ஜன்னல் வச்சுக் குடுத்த. ஒண்ணுல கீறல் இருந்தா எனக்கு என்ன குறை? ஆனா அந்தப் பிள்ளை ஈரச் சுவத்துல வந்து படுத்துச்சுன்னா, எனக்கு இந்த மூணு ஜன்னலையும் தெறக்கப் பிடிக்காது."

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் இவர் என்னைக் கடிந்து சொன்னது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 16, சனி

போனேன். காலை பத்து மணிக்கு, முன்வாசல் வழியாக. அழைப்பு மணியை அழுத்திவிட்டுத் திரும்பி வந்துவிடலாமா என்று நினைக்கும்போதே கதவு திறந்தது.

யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். "கண்ணாடியைக் கீறுனது நீ இல்ல. நீ போனதுக்கு அப்புறம் நான்தான் கம்பி நார் போட்டுத் தேய்ச்சேன். தெரிஞ்சேதான் உன்மேல பழி போட்டேன்."

தெரிந்துதான் போட்டேனா? 13ஆம் தேதி சத்தம் போடும்போது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லும்போதுதான் தெரிந்தது, தெரியும் என்று.

ஜெசிந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கம்பி நாரா?"

"ம்."

"புதுக் கண்ணாடில கம்பி நார் போட்டுத் தேய்ச்சியா? ஏன்டி, உனக்கு அறிவிருக்கா?"

எக்ஸ்சேஞ்சில் நான் தப்பான நம்பருக்கு லைன் கொடுத்தால் இதே குரலில்தான் திட்டுவாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். அழுதுகொண்டே, "உள்ள வா, தெருவே பாக்குது" என்றாள்.

அந்த அறையைக் காட்டினாள். உள்ளே போனதுமே மண்வாசனை மாதிரி ஒரு வாடை. சுவர் முழுவதும் வெள்ளை வெள்ளையாக உப்பு. சுண்ணாம்பு செதில் செதிலாகப் பெயர்ந்து தரையில் கிடக்கிறது. தினமும் கூட்டுகிறாளாம். கட்டிலைச் சுவரில் படாமல் அறை நடுவில் போட்டிருக்கிறாள். அறைக்கு ஜன்னலே இல்லை. வெளிப்பக்கம் இருக்கிற ஒரே சுவர் என் சந்தைப் பார்த்த சுவர்தான்.

"இங்க யாரு படுக்கிறது?"

"இப்ப நான்தான். எங்க வீட்டுக்காரரு படுத்த இடம்." கட்டில் சட்டத்தைத் தடவினாள். "கடைசி ரெண்டு வருசம் மாடி ஏற முடியல அவரால. இங்கதான் கெடந்தாரு. மழைக்காலத்துல மூச்சு ரொம்பத் திணறும்."

நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டைப் பூட்டிய சாவி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. சட்டப்படி சரி என்று ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். அதை அடித்துவிடலாம் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

"நான் வந்திருக்கணும் ஜெசி" என்றேன். "அவரு போனன்னைக்கு. தெருமுனை வரைக்கும் வந்தேன்."

"தெரியும். மொட்டைமாடில இருந்து பாத்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவரு உன்னை அப்படிச் சொன்னப்ப நான் வாயைத் தெறந்திருக்கணும். பெனிட்டாவை என் மடியில போட்டதைவிட உன் மடியிலதான் அதிகம் போட்டு வச்சிருந்தேன். உன்னைப் போய் அப்படிச் சொல்லலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுருக்கணும். எனக்கு அந்த மனுசன்னா பயம்டி. சமையக்கட்டுல போய் நின்னுக்கிட்டேன். சாகுறதுக்கு முந்தி அவரே சொன்னாரு, வேதாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு. ரெண்டு தடவை உன் கேட் வரைக்கும் வந்தேன். பூட்டியிருந்துச்சு."

காபி போட்டாள். ஒரே தம்ளர் காபியை இருவருக்கும் பாதிப் பாதியாக ஆற்றிக்கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் அதிகம். அதை நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது சொன்னேன். "இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வையி."

"உன் சந்துப் பக்கம்ல தெறக்கும்? எல்லைச் சுவத்துல ஜன்னல் வைக்கக் கூடாதும்பாங்க."

"சந்து என்னுது. நான் சொல்றேன், வையி. கீழ்ப்பாதி இன்னும் பூசலதான?"

ஆகஸ்ட் 18, திங்கள்

சவரிமுத்து வந்தார். "லைன் சரியாயிருச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சுத்தியலை எடுத்தார்.

ஜன்னல் எங்கே வருவது என்று பெரிய ஆலோசனை. என் நடு ஜன்னலுக்கு நேராக என்றாள் ஜெசிந்தா. இவர், "நேருக்கு நேரா வேணாம்மா, அப்புறம் நான் எந்நேரமும் சட்டை போட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார். கடைசியில் ஓரடி தள்ளி வைப்பது என்று முடிவாயிற்று. நாலு செங்கலைத் தட்டியதும் அந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தது. ஓட்டை வழியாக ஜெசிந்தாவின் கை வந்து ஆடியது.

நடுக் கண்ணாடியை மாற்றப்போவதில்லை. அவள் கேட்டுப் பார்த்தாள். இவரும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஜெசிந்தா வீட்டு ஜன்னல் நேற்றுப் பொருத்தினார்கள். இன்று சுற்றிலும் பூச்சு. மூடும் வேலை என்னுடையது. இந்தத் தெருவில் இப்போது என்னைவிட நன்றாக ஜன்னல் மூடத் தெரிந்தவர் யாருமில்லை. முதலில் தண்ணீர்த் துளைகள். பிறகு தாள். மூலையில் டேப்பை மடித்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து. பதினோரு நிமிடம்தான். ஜெசிந்தா உள்ளே நின்று தாளுக்குப் பின்னாலிருந்து, "இடது மூலை, இடது மூலை" என்றாள். என் இடதா அவள் இடதா என்று கொஞ்ச நேரம் சண்டை.

நடுவில் அவள் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து பெனிட்டா. "யாரும்மா அங்க சத்தம் போடுறது?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

ஜெசிந்தா போனைத் தாளோடு ஒட்டி வைத்தாள். "நீயே கேட்டுக்க."

"பெனி" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "வேதாம்மா" என்றாள். அவ்வளவுதான், என்னால் டேப் ஒட்ட முடியவில்லை. மிச்ச மூலையைக் கொத்தனார் ஒட்டினார்.

செப்டம்பர் 2

சாரத்தைப் பிரித்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. வெயில் அதில் பட்டுத் திரும்பி எங்கள் அறைக்குள் விழுகிறது. மத்தியானம் லைட் போடாமல் இவர் பேப்பர் படிக்கிறார். யாரும் இதை எதிர்பார்க்கவில்லை.

செப்டம்பர் 19

பெனிட்டா வந்தாள். ரயிலடிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். இறங்கினவள் அம்மாவை விட்டுவிட்டு நேரே என்மேல் வந்து சாய்ந்தாள். வயிறு இடித்தது.

அக்டோபர் 9

மழை தொடங்கிவிட்டது. நாளுக்கு இரண்டு தடவை ஜெசிந்தா உள்சுவரில் கையை வைத்துப் பார்த்து ஜன்னல் வழியாகச் சொல்கிறாள், "காஞ்சுதான்டி இருக்கு." இருமலும் குறைந்திருக்கிறது. பெனிட்டாவைப் பார்த்துக்கொள்வதில் எனக்கு எழுத நேரம் கிடைப்பதில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பெண் குழந்தை. சனிக்கிழமை காலை பிறந்தது, இரண்டு கிலோ எண்ணூறு. நேற்று மாலை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இன்று காலை முதல் அழுகை கேட்டதும் இவர் எழுந்து மூன்று ஜன்னலையும் திறந்துவிட்டார், மழைச்சாரல் அடிப்பதைக்கூடப் பார்க்காமல். சட்டை போட்டிருந்தார்.

எதிர் ஜன்னலில் பெனிட்டா. "வேதாம்மா, எங்க இருக்கீங்க? பாப்பாவைக் குளிப்பாட்ட அம்மாவுக்குக் கை நடுங்குதாம். என்னையும் நீங்கதான் குளிப்பாட்டுனீங்களாம்ல?"

அவளுக்குப் பின்னாலிருந்து ஜெசிந்தாவின் குரல். "அவளை எழுதினது போதும்னு சொல்லு! வெந்நீர் ஆறுது!"

போகிறேன்.